கையொப்பம் இடாத கரை

2022 மே 9ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியைத் துறந்தார். மறுநாள் அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறார் என்ற செய்தி பரவ, தளத்தின் வாசலில் சனம் திரண்டு கோஷமிட்டது. அதற்கடுத்த நாள் பாதுகாப்புச் செயலாளரும் அதனை ஒப்புக்கொண்டார். அதே நாட்களில் இன்னொரு கதையும் கைத்தொலைபேசிகளில் ஓடித் திரிந்தது: இந்தியா தன் படையை இலங்கைக்கு அனுப்பப் போகிறதாம். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் மே 11ஆம் திகதி அதனைத் திட்டவட்டமாக மறுத்தது.

கொழும்பில் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு அது வெறும் வதந்தி. திருகோணமலையில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கோ அது ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்த சங்கதி. இந்திய அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24ஆம் திகதி கப்பலேறியது இதே துறைமுகத்தில்தான். உள்நாட்டில் ஆட்சி ஆட்டங்காணும் போதெல்லாம் வெளியார் ஒருவரின் பெயர் அடிபடுவதும், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் திருகோணமலை என்ற பெயரும் சேர்ந்து அடிபடுவதும் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் கடலில் நின்று கரையைப் பார்த்தே எழுதினார்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் கண்டியரசனின் துணையோடு அதைப் பிடித்தது, 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து எட்டிப் பார்த்தது எல்லாம் அந்த வரிசையில் வரும். 1782ஆம் ஆண்டு மட்டும் கோட்டையின் கொடி இரு தடவை மாறியது. ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் பிடித்தார். ஓகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதைப் பறித்தார். ஆங்கிலேயரின் தூதராகக் கண்டிக்குப் போயிருந்த ஹியூ பொய்ட் திரும்பி வருவதற்குள் கோட்டை கைமாறிவிட்டது. அவரே பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். பின்னர் மீண்டும் ஒல்லாந்தர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். இவ்வளவுக்கும் கொட்டியாரக் குடாவைச் சுற்றியிருந்த உழவனும் மீனவனும் அந்த ஏடுகளில் சுமைகூலியாகவோ வழிகாட்டியாகவோ மட்டுமே தலைகாட்டுவான்.

ஒரேயொரு விதிவிலக்கைச் சொல்லலாம். புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலேயக் கப்பலொன்று, பறங்கிப்பேட்டையோடு தொடர்புடைய இந்திய வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த இளைஞர் றொபர்ட் நொக்ஸ் 1660இல் மூதூர்ப் பக்கத்தில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ இருபது வருடம் சிறைப்பட்ட நாட்டில் குடியானவரோடு குடியானவராக வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் தன் நூலை வெளியிட்டார். சாதாரண மனிதர் எப்படி உண்டார், உழுதார், அரசனைப் பற்றித் தாழ்ந்த குரலில் என்ன பேசினார் என்றெல்லாம் அந்நூலில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவன் ஆள்பவனாக வராமல் கைதியாக வந்ததாலேயே அது கிடைத்தது என்பது என் எண்ணம்.

ஏடுகளில் பேசாத மக்கள் வேறு வழிகளில் பேசியிருக்கிறார்கள். வாக்குப் போட்டார்கள், கடையை மூடினார்கள், ஊரைவிட்டு நடந்தார்கள். அவற்றைத் துணைகொண்டு பார்த்தால் கடந்த எண்பது வருடக் கதை கொஞ்சம் வேறுவிதமாகத் தெரியும்.

பிரித்தானியர் காலத்தை எடுத்துக்கொள்வோம். சீனன்குடாக் காட்டுக்குள் அவர்கள் நிறுவிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் தாங்கியொன்றின் மீதே விழுந்து, அது பல நாட்கள் எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. யாரோ இருவரின் யுத்தம் நம் வீட்டுக் கூரைக்கு மேலே வந்து நின்றதை இந்தக் கரை அன்றுதான் நேரில் கண்டது.

1947 நவம்பரில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்னர், இலங்கையும் பிரித்தானியாவும் பாதுகாப்பு ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திட்டன. அதன்படி தளம் அவர்களிடமே இருந்தது. சூயஸ் நெருக்கடிக்கு அடுத்த வருடம், 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி, பண்டாரநாயக்க அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. கொழும்பில் அது தேசிய வெற்றி. அதை வெற்றியென்று கொள்வதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் துறைமுகத்தின் பட்டறைகளிலும் களஞ்சியங்களிலும் கூலி பெற்ற தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் ஆகியோருக்கும், அவர்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்களுக்கும் அந்த மாதம் வேலை போன மாதம். கொடி இறங்கியதை ஒரு கண்ணாலும் சம்பளப் புத்தகத்தை மறு கண்ணாலும் பார்த்தவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அதேவேளை, ‘வெள்ளைக்காரன் காலம்’ என்று பெருமூச்சு விடும் வழக்கத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் உட்துறைமுகத்தின் நல்ல கரையெல்லாம் முட்கம்பிக்கு உள்ளே இருந்தது. நம் ஆட்கள் வெளியே இருந்தார்கள்.

அடுத்தது 1987. அவ்வருடம் ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கொழும்பில் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை இன்று எடுத்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் பெயர் சொல்லி இடம்பெறுகிறது. இந்தியாவின் நலனுக்குக் குந்தகமாக எந்த நாட்டின் இராணுவமும் அதைப் பயன்படுத்த விடக்கூடாது. எண்ணெய்த் தாங்கிகளைப் புனரமைத்து இயக்கும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக அமைய வேண்டும். துறைமுகமும் தாங்கிகளும் இவ்வளவு விபரமாக வர, முஸ்லிம்களோ நாட்டின் நான்கு பிரதான இனக்குழுக்களுள் ஒன்றாக ஒரு வரியில் எண்ணப்படுகிறார்கள். வெளிநாட்டமைச்சராக ஏ.ஸீ.எஸ். ஹமீத் இருந்த காலத்தில்தான் இது நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டமைச்சர் முஸ்லிமாக இருப்பதும் மூதூர்க்காரரிடம் அபிப்பிராயம் கேட்பதும் வேறு வேறு காரியங்கள்.

ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. 1988 டிசம்பர் முடிவதற்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும் என்றது. அது ஒருபோதும் நடக்கவில்லை. கணக்கு எளிமையானது. கிழக்கில் மூன்றிலொரு பங்காக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறிலொரு பங்குக்குச் சற்று மேலே வந்து நின்றார்கள். தேநீர்க்கடை வாங்கிலில் உட்கார்ந்திருப்பவருக்கும் விளங்கக்கூடிய கணக்கு இது. அவர் இந்தியப் படையைப் பார்த்த பார்வையில் இதற்குப் பெரும் பங்குண்டு.

திருகோணமலையில் அந்தப் படை மூன்று விதமாகப் பார்க்கப்பட்டது. 1983இல் தொடங்கிய அழிவுகளைக் கண்ட தமிழர் பலர் அதை முதலில் நிம்மதியோடு வரவேற்றார்கள்; அவ்வருடம் ஒக்டோபரில் படையினருக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டபோது அந்த நிம்மதி கலைந்தது. அதே ஒக்டோபரில் நகரைவிட்டு ஓடிய சிங்களவர்கள், படை பார்த்துக்கொண்டு நின்றது என்று குற்றஞ்சாட்டினார்கள். முஸ்லிம்களின் பார்வை இந்த இரண்டுக்கும் நடுவே வேறோரிடத்தில் நின்றது. ‘இந்தியன் ஆமி’ வந்ததால் தம் நிலை சட்டத்தில் சுருங்கிற்று என்ற மனக்குறை ஒரு பக்கம். ஆயுதம் தாங்கிய பல இயக்கங்களுக்கு நடுவே, பெயரளவிலாவது ஒழுங்கு காக்கும் ஒரு படை நிற்கிறதே என்ற எண்ணம் மறுபக்கம். இரண்டும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே மனிதரில் இருந்தன. கணக்கெடுப்புக்காரர் வந்து ‘ஆதரவா, எதிர்ப்பா’ என்று கேட்டால் எந்தக் கட்டத்துக்குள் இதை அடைப்பது?

அவர்களுடைய பதில் ஒரு தடவை எண்ணிக்கையாகவே பதிவாகியிருக்கிறது. 1988 நவம்பர் 19ஆம் திகதி வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. புலிகள் பகிஷ்கரிக்கச் சொன்ன தேர்தல். இந்தியப் படையின் காவலில் நடந்த தேர்தல். எம்.எச்.எம். அஷ்ரஃபின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களில் 17ஐ வென்று எதிரணியில் அமர்ந்தது. இதை இந்தியாவுக்கு அளித்த ஆதரவு என்று சொன்னவர்களும் உண்டு. தங்கள் பெயரில்லாத ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வந்த சபையில், கிடைத்த முதல் கதவு வழியாக உள்ளே போய்த் தங்கள் பெயரைச் சொன்னார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சபையின் தலைநகரும் திருகோணமலைதான். முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் 1990 மார்ச் 1ஆம் திகதி ஈழப் பிரகடனம் செய்ததும் இங்கேதான். மூன்று வாரங்களில் கடைசிக் கப்பல் போனது. ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் வெடித்தது. ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களின் வெளியேற்றம். ‘போகட்டும்’ என்று 1989இல் சொன்ன அதே வாய், 1990இல் வேறு வார்த்தை சொல்லியிருந்தால் அதை முரண்பாடு என்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வருகையில் துப்பாக்கியில்லை. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். திருகோணமலையிலும் அலுவலகம் திறந்தார்கள். இம்முறை முஸ்லிம்கள் உடன்படிக்கையின் முகவுரையிலேயே இடம்பெற்றார்கள். எவ்வாறு? மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாத மக்களும் அதன் விளைவுகளை அனுபவிக்கிறார்கள்; குறிப்பாக முஸ்லிம்கள்; ஆகவே குடிமக்களின் பாதுகாப்புப் பற்றிய ஏற்பாடுகள் எல்லோருக்கும் பொருந்தும் என்று. 1987இல் பட்டியலில் ஒரு பெயர். 2002இல் அனுதாபத்துக்குரிய ஒரு பெயர். கையொப்பமிடும் இடத்தில் இரண்டு தடவையும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவென்றே ரவூப் ஹக்கீம் 2002 ஏப்ரல் 13ஆம் திகதி கிளிநொச்சிக்குப் போய் பிரபாகரனுடன் ஓர் உடன்பாட்டில் கைச்சாத்திட்டார். கப்பம் வாங்கப்பட மாட்டாது, வயல்களுக்குப் போகலாம் என்றெல்லாம் நம்பிக்கை தரப்பட்டது. மூன்று மாதம் கழியுமுன்னர் மூதூரிலும் வாழைச்சேனையிலும் வன்செயல் வெடித்தது. 2003 ஏப்ரலில் மூதூரில் மீண்டும் உயிர்கள் போயின.

கிண்ணியாவுக்குக் கிடைத்த பாடம் மணிராசகுளம். 2003இல் அங்கே புலிகளின் முகாமொன்று முளைத்தபோது கிண்ணியா மக்கள் கொதித்தார்கள், கடைகள் மூடப்பட்டன. அது அரச கட்டுப்பாட்டுப் பிரதேசந்தான் என்று கண்காணிப்புக் குழு தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு முஸ்லிம்கள் கேட்டபடியே வந்தது. முகாம் இருந்தபடியே இருந்தது. வெளியார் நடுநிலைமை என்பது என்ன, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கிண்ணியாவின் விவசாயி எந்தப் புத்தகமும் படியாமல் அறிந்துகொண்ட சந்தர்ப்பம் அது. கண்காணிப்பாளர்கள் கெட்டவர்களல்லர். முறைப்பாட்டை எழுதினார்கள், எண்ணினார்கள், பாரபட்சமின்றி வெளியிட்டார்கள். எழுதுவதற்கு மட்டுமே அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. வெள்ளை வாகனத்தில் நீலக் கொடி பறக்க வருபவர் தடுத்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்த மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலே வந்தது. கிண்ணியாவும் மூதூரும் சிதைந்தன. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஓரிரு நாட்களுக்குள்ளேயே நிவாரணத்தோடு திருகோணமலைக்கு வந்து சேர்ந்தன. பதினைந்து வருடம் ஆகியிராத பழைய கசப்பை அன்று எவரும் தூக்கிப் பிடிக்கவில்லை. தண்ணீரும் மருந்தும் கொண்டு வருபவனிடம் கொடியைப் பற்றிக் கேட்பது வயிறு நிறைந்தவர்களின் வேலை. ஆனால் நிவாரணத்தைப் பகிர 2005 ஜூன் 24ஆம் திகதி அரசாங்கமும் புலிகளும் பொதுக் கட்டமைப்பொன்றில் கைச்சாத்திட்டபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட சமூகங்களுள் ஒன்றான முஸ்லிம்கள் குழுக்களில் ஆசனம் பெற்றார்களே தவிரக் கையொப்பமிடும் தரப்பாகவில்லை. அது உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையோடு முடங்கியது.

பிறகு மூதூர். 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவைப் புலிகள் மூடினர். மூவினத்தாரின் வயல்களுக்கும் தண்ணீர் நின்றது. ஓகஸ்ட் தொடக்கத்தில் அவர்கள் மூதூருக்குள் நுழைந்தார்கள். இராணுவம் எறிகணை வீசியது. பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சமடைந்தவர்கள் மீதும் எறிகணைகள் விழுந்தன. 40,000க்கும் அதிகமான மக்கள் கந்தளாயை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நடந்தவர்களைக் கிறாந்திமுனையில் புலிகள் மறித்து ஆண்களைப் பிரித்தெடுத்தார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. ஓகஸ்ட் 4ஆம் திகதி, பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான பட்டினிக்கெதிரான செயற்பாட்டின் ஊழியர்கள் 17 பேர் மூதூர் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். வெளிநாட்டு நிறுவனத்தின் சட்டையும் சின்னமும் காப்பாற்றும் என்ற கடைசி நம்பிக்கையும் அந்த முற்றத்தில் கிடந்தது. கண்காணிப்புக் குழு அரச படையினரைப் பொறுப்பாளிகளாகச் சுட்டியது, அரசாங்கம் மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் மே மாதம் புலிகளைத் தடை செய்திருந்ததால், ஒன்றிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் வெளியேற வேண்டும் என்று புலிகள் வற்புறுத்தி, அவ்வாறே அவர்கள் போனார்கள். சனம் கூடாரங்களில் இருந்தபோது பார்க்க வந்தவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2007இல், இக்கொலைகள் உட்படப் பல சம்பவங்களின் விசாரணையை மேற்பார்வையிட, இந்திய முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழுவொன்றும் வந்தது. விசாரணை தரமற்றது என்று சொல்லி 2008இல் அதுவும் விலகிக்கொண்டது. வருவதும் போவதும் இங்கு மழைக்காலம் மாதிரி.

இவற்றை நம் எழுத்து எவ்வளவு பதிந்திருக்கிறது என்று யோசித்தால் மனம் சங்கடப்படுகிறது. மூதூரைச் சேர்ந்த வ.அ. இராசரத்தினம் ‘தோணி’ கதையின் மூலம் இந்தக் கரையோரத்து வாழ்வைத் தமிழிலக்கியத்துக்குள் கொண்டுவந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கந்தளாய்க்கு நடந்த உம்மாமாரின் கதையை, நடந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதுவதற்கு ஆளில்லாமல் போகக் கூடாது. அறிக்கைகள் ஆங்கிலத்தில் நிறையவே இருக்கின்றன. அவற்றில் நாம் எண்களாக இருக்கிறோம்.

வெளியார் தலையீடு என்றால் எல்லாம் தீமை என்ற முடிவுக்கு இந்தக் கரை வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் சவூதி நிதியில் கட்டப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதுவரை பாதையில் ஏறி மறுகரை போக வேண்டும். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களின் ஊரில், அந்தப் பாலத்துக்குப் பின்னாலுள்ள அரசியலை யாரும் விசாரிப்பதில்லை. ஆயினும் பக்கத்திலேயே குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாமற் கிடக்க, 2021 நவம்பர் 23ஆம் திகதி பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். அன்று மக்களின் கோபம் எந்த வெளிநாட்டின் மீதும் இருக்கவில்லை. உள்ளூர் அதிகாரத்தின் மீதே இருந்தது. 2022இல் கடற்படைத் தள வாசலில் எழுந்த கோபமும் அப்படித்தான்: எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களின் கோபம். 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ள மாவட்டத்தில் மீனவன் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைத்த வருடம் அது.

அவ்வருட ஜனவரியிலேயே அந்தத் தாங்கிகள் பங்கிடப்பட்டுவிட்டன. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு 61. 1987 கடிதத்தில் எழுதிய வாக்கியம் நிறைவேற முப்பத்துநான்கு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் கொழும்பு வந்திருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் இன்னொரு உடன்பாடு கைச்சாத்தானது. இம்முறை மூன்று தரப்பு: இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்திலிரண்டு பங்கு முஸ்லிம்கள் வாழும் மாவட்டத்துக்கு, கையொப்பமிடும் மேசையில் ஒரு முஸ்லிம் நாடு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த உடன்பாடுகளின் பிரதிகள் உடனே வெளியிடப்படவில்லை. எங்கே என்று பாராளுமன்றத்தில் கேட்டார்கள். மூதூரிலும் கேட்டார்கள், லோஞ்சுக்குக் காத்திருந்த நேரத்தில்.